கேரித் தீவில் ஓர் இரவு

இன்பத்தின் பொருட்டு வீட்டை விட்டு வெளியே சென்று உறங்கும் வழக்கம் நம்மவரிடையே அண்மையில் தோன்றியது. நம் முன்னோர் வெளியில் உறங்காதவர் அல்லர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல்களின் தளத்தில் உறங்கினர். கரையிறங்கியதும் நோய்த்தடுப்பு முகாமில் உறங்கினர். காடழித்த நாளில் அத்தாப்புக் கொட்டகையில் உறங்கினர். அவற்றுக்கெல்லாம் உல்லாசப் பிரயாணம் என்று பெயர் சூட்ட அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றாததில் வியப்பும் இல்லை. இன்றோ, பட்டணத்தில் மாதச் சம்பளம் பெறும் நம் பிள்ளைகள் மோட்டார் வண்டியின் பின்னிருக்கையை மடித்துப் போட்டு, அதன்மேல் மெத்தை விரித்து, ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் ஓர் இரவைக் கழித்துவிட்டு வருகிறார்கள். இதற்கென்றே கொசுவலையும், மடக்கு நாற்காலியும், கைக்கடக்கமான எரிவாயு அடுப்பும் கடைகளில் விற்கின்றன.

என் அக்காளின் பேரன் இத்தகைய பிரயாணத்தில் மோகம் கொண்டவன். சென்ற ஆண்டு ஒரு வார இறுதியில் அவன் என்னிடம் வந்து, "கேரித் தீவுக்குப் போவோம், தாத்தா. பாட்டியும் வரட்டும்" என்றான். அக்காளுக்கு வயது 79. எனக்கு ஐந்து குறைவு. அக்காள் சொன்ன விடை இது: "எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்த லயத்தை விட்டு வெளியே வர எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று. இப்போது நான் போய் வண்டிக்குள் படுக்க வேண்டுமா?" இப்படிக் கேட்டவள் மறுநாள் விடியுமுன் புளிச்சோறு கட்டி, நெத்திலிச் சம்பல் வதக்கி, வெந்நீர்க் குடுவையில் தேநீர் நிரப்பி, வாசலில் எங்களுக்கு முன்பாகவே காத்திருந்தாள்.

கேரித் தீவு எங்கிருக்கிறதென்று கிள்ளான், பந்திங் பக்கத்து அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கெடா, ஜொகூர் பக்கத்து அன்பர்களுக்காகச் சொல்கிறேன். சிலாங்கூரில் கோல லங்காட் மாவட்டத்தில், கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே அது கிடக்கிறது. ஒரு புறம் லங்காட் ஆறு. மறு புறம் மலாக்கா நீரிணை. தெலுக் பங்ளிமா காராங் சிற்றூரின் பக்கமாகத் திரும்பி ஒரு பாலத்தைக் கடந்தால் தீவு வந்துவிடுகிறது. தீவு என்றதும் வெண்மணலும் நீல நீரும் மனக்கண்ணில் எழுமானால், அக்காட்சியைப் பாலத்துக்கு இப்புறமே விட்டுவிட வேண்டும். அங்கே இருப்பது சேற்றுக்கரை. ஆற்றைக் கடக்கிறோம் என்பதை உணருமுன் பாலம் முடிந்துவிடுகிறது. பிறகு செம்பனை, அதற்குப் பிறகும் செம்பனை.

எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டத்துரையின் பெயரால் இத்தீவு வழங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இங்கே ரப்பர் பயிரிட வந்தார். அதற்கு முன் இந்நிலம் பெயரற்றுக் கிடந்ததா? பூர்வகுடிகளான மா மெரி மக்கள் இக்கரையில் மீன் பிடித்தும் மரம் வெட்டியும் வாழ்ந்தே வந்தனர். அவர்களுடைய சிற்றூர்கள் இன்றும் சுங்கை பும்புன், சுங்கை ஜூடா என்று ஓடைகளின் பெயராலேயே வழங்குகின்றன. ஆனால் நிலத்தை அளந்து பட்டா வாங்கியவர் பெயர்தான் தேசப்படத்தில் ஏறும். மண் வெட்டியவர் பெயர் சம்பளப் புத்தகத்தில் ஏறியது. அப்புத்தகங்கள் எத்தனை செல்லரித்துப் போயினவோ!

மண் வெட்டுதல் என்று நான் சொன்னது அலங்காரப் பேச்சன்று. இத்தீவின் உட்புறம் பொங்குகடலின் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. சுற்றிலும் மண்கரை எழுப்பிக் கடலைத் தடுத்திராவிட்டால் இங்கே ஒரு மரமும் நின்றிராது. கரைக்குள்ளே நிரைக்கு நிரை வடிகால் வெட்டப்பட்டிருக்கிறது. தோட்டத்து வழக்கில் 'கான்' என்போமே, அதுதான். சிறு கான் பெருங்கானில் விழும். பெருங்கான் மதகில் வந்து முடியும். மதகின் கதவு மேலே கீல் கொண்டு தொங்குவது. கடல் வற்றும்போது உள்நீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது அலையே அதை அழுத்தி மூடிவிடும். காவலாள் உறங்கினாலும் கதவு உறங்குவதில்லை. இந்தப் பக்கத்துக் கடலோ ஒரு நாளில் இரு முறை ஏறி இரு முறை இறங்குவது. முழுநிலவையும் புதுநிலவையும் ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நான்கு மீட்டர் வரை வேறுபாடு உண்டு. இரண்டாள் உயரத்துக்கும் மேல் எழும் நீரை மண்ணைக் கொட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மண்ணைச் சுமந்த தலைகள் எந்தெந்த நாட்டுத் தலைகள் என்று நான் பிரித்துச் சொல்ல முனையவில்லை. கரையின்மேல் நின்றால் ஒரு பக்கம் கண்டல் காட்டின் வேர்களில் கடல் அலம்புகிறது. மறு பக்கம் அதற்குக் கீழான தரையில் செம்பனை காய்த்துத் தொங்குகிறது. இதைப் பார்க்க மட்டுமே இத்தீவுக்கு ஒரு முறை வரலாம் என்பது என் அபிப்பிராயம்.

வழியில் ஓரிடத்தில் அக்காள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். பாதையோரத்து இளமரம் ஒன்றில் ஆண்பூ மலர்ந்திருந்தது. அவள் அருகே சென்று முகர்ந்து, "இந்தச் சோம்பு வாசனை இன்னும் அப்படியே இருக்கிறது" என்றாள். பேரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விளக்கினேன்.

1970-களில் அக்காள் பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பூவுக்குத் தூள் அடிக்கும் வேலை பார்த்தாள். செம்பனையில் ஆண்பூக் குலை வேறு, பெண்பூக் குலை வேறு. ஒரே மரத்தில் இரண்டும் ஒரே சமயத்தில் மலர்வது அருமை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம் இது. மரம் வந்தது; அதன் பூக்களுக்கு மகரந்தம் சுமக்கும் பூச்சி உடன் வரவில்லை. ஆதலின் அந்தப் பூச்சியின் வேலையை நம் பெண்கள் செய்தனர். ஆண்பூவின் தூளைச் சேர்த்து உலர்த்தி, முகமாவு போன்ற வெண்பொடியில் கலந்து, நீண்ட குழாய் பூட்டிய பீச்சானில் நிரப்பிக்கொண்டு, மரம் மரமாகச் சென்று, விரிந்த பெண்பூவைத் தேடி அடிக்க வேண்டும். பூ தூளை ஏற்பது இரண்டு மூன்று நாள்களுக்குத்தான். அதற்குள் காணத் தவறினால் குலை கெடும். கிராணியின் வாய் சும்மா இராது. மட்டை முள் கையைக் கிழிக்கும். மாலையில் வீடு திரும்பும்போது கூந்தலெல்லாம் வெண்பொடியும் சோம்பு மணமுமாக அக்காள் வருவாள்.

இந்த வேலை 1981-ஆம் ஆண்டுக்குப் பிறகு மறைந்தது. செம்பனைக்குக் காற்றே மகரந்தம் சேர்க்கிறது என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், ரஹ்மான் சையது என்ற பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் காமரூன் நாட்டுக்குச் சென்று ஆராய்ந்து, ஒரு சிறிய கூன்வண்டே அவ்வேலையைச் செய்கிறது என்று கண்டார். அவ்வண்டைச் சோதித்து இங்கே கொண்டுவந்து 1981-இல் விட்டனர். விட்ட இடத்திலிருந்து தோட்டம் தோட்டமாக அது பரவியது; விளைச்சல் பெருகிற்று; பீச்சான்கள் மூலையில் கிடந்தன.

பேரன் அந்த ஆண்பூவைத் தட்டினான். எள்ளைவிடச் சற்றே பெரிய, கரும்பழுப்பு நிறமான வண்டுகள் பத்திருபது அவன் உள்ளங்கையில் உதிர்ந்தன. அக்காள் குனிந்து பார்த்தாள்.

"இதுதானா என் பிழைப்பைத் தின்றது?" என்றாள். பிறகு, "தின்னட்டும். சம்பளமில்லாமல் வேலை செய்கிறது, பாவம்" என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டாள்.

விஞ்ஞானம் தொழிலாளியின் முதுகுச் சுமையை இறக்குவது நன்றே. இறக்கிய பின் அவளுக்கு வேறு கூலி யார் தருவார் என்ற கேள்விக்கு அன்று விடையில்லை. அக்காள் சில மாதம் உதிரிப்பழம் பொறுக்கினாள். பிறகு பட்டணத்தில் ஓர் ஆலைக்குச் சென்றாள். அவள் கதை நல்லபடியாகவே முடிந்தது. எல்லார் கதையும் அப்படி முடியவில்லை என்பதை இப்பக்கத்தைப் படிக்கும் அன்பர்கள் என்னைக்காட்டிலும் அறிவர்.

நண்பகலில் மா மெரி மக்களின் சிற்றூருக்குச் சென்றோம். அவர்கள் மொழி மலாயுடன் உறவில்லாதது. மோன், கெமர் மொழிகள் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. பெண்கள் தாழை ஓலை முடைகிறார்கள்; ஆண்கள் முகமூடியும் உருவமும் செதுக்குகிறார்கள். மூதாதையரை அவர்கள் மோயாங் என்பர். ஒவ்வொரு மோயாங்குக்கும் ஒரு முகமுண்டு, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கதையுண்டு. ஆண்டுக்கொரு முறை அவர்களுக்கு விழா எடுக்கிறார்கள். செதுக்க எடுக்கும் மரம் சதுப்புநிலத்தில் வளரும் ஞீரே பத்து; வெட்டினால் உள்ளே செம்மை படர்ந்திருக்கும். சங்கிலியிட்ட புலி ஒன்றை ஒரு முதியவர் எங்களுக்குக் காட்டினார். சங்கிலியின் வளையங்கள் ஒன்றோடொன்று கோத்து ஆடுகின்றன. ஒட்டில்லை, ஆணியில்லை, ஒரே கட்டையில் குடைந்தெடுத்தது. யுனெஸ்கோ நிறுவனம் இத்தகைய வேலைப்பாட்டுக்குச் சிறப்புச் சான்று வழங்கியிருக்கிறது. ஆவி, பேய் என்றால் முகம் சுளிக்கும் வழக்கமுடைய நான், அந்தப் புலியைக் கையில் வாங்கியபோது சுளிக்கவில்லை. அச்சத்தை உளியால் செதுக்கி மேசைமேல் வைத்துவிடுகிறவர்களை யார் குறை சொல்வது?

அக்காளும் முதியவரும் மலாயில் வெகுநேரம் பேசினர். அவர் அவளை "அக்கா" என்றே அழைத்தார். நல்ல மரம் கிடைப்பது அரிதாகிவிட்டதென்றும், மரம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறதென்றும் சொன்னார். இத்தீவில் மாபெருந் துறைமுகம் கட்டும் திட்டம் 2017-இல் அறிவிக்கப்பட்டதைப் பற்றி நான் கேட்டேன். அவர் சிரித்து, உளியைத் துடைத்து வைத்தார். பிறகு எங்கள் தோட்டத்தைப் பற்றி விசாரித்தார். "விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே வீடுகள். எங்கள் வீடல்ல" என்றாள் அக்காள். விற்ற நிலத்தில் பிறந்த இருவரும் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை என்று எழுத என் கை துடிக்கிறது. ஆனால் அம்முதியவரின் நிலம் இன்னும் விற்கப்படவில்லை. அவர் இருக்கிறார், அவ்வளவே.

தோட்ட நிலத்தில் அனுமதியின்றி இரவு தங்கலாகாது. பேரன் முன்கூட்டியே நீரோரத்து மீன்சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவரிடம் பேசி, அவருடைய கொல்லையில் வண்டி நிறுத்த ஏற்பாடு செய்திருந்தான். அவர் கேட்ட வாடகை, அவர் கடையில் இரவுச் சாப்பாடு உண்ண வேண்டும் என்பதே. நண்டு உண்டோம். விலையைப் பற்றி அக்காளுக்கு வருத்தம். சுவையைப் பற்றி இல்லை.

இனி வண்டியில் உறங்கும் கலையைச் சிறிது சொல்லுகிறேன். முயல விரும்புவோருக்குப் பயன்படும். வண்டியைத் தலைப்பக்கம் சற்றே உயர்ந்திருக்கும்படி நிறுத்த வேண்டும். எதிரெதிரான இரு கண்ணாடிகளை நாலு விரல் இறக்கி, அவ்விடைவெளியைக் கொசுவலையால் மறைக்க வேண்டும். குளிர்காற்றுக்காக யந்திரத்தை ஓடவிட்டு உறங்குவது பெருந்தவறு. புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, அது உறங்குகிறவனை எழுப்புவதுமில்லை. அடுப்பை வண்டிக்குள் பற்றவைப்பதும் அவ்வாறே. கடலோரமாயின், அன்றைய நீரேற்றத்தின் நேரத்தை விசாரித்தறிந்த பிறகே இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். நேற்றைய நேரத்தை இன்றைக்கு நம்பலாகாது, ஏற்றம் நாள்தோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் பிந்தி வரும்.

அக்காள் வண்டிக்குள் மெத்தையிலும், பேரனும் நானும் வெளியே கூடாரத்திலும் படுத்தோம். உறக்கம் வரவில்லை. மேற்கே கப்பல் விளக்குகள் வரிசையாக நின்றன; வடக்கே துறைமுகத்தின் ஒளி வானத்தை மங்கலாய் வெளுத்திருந்தது. நடுச்சாமத்தில் செம்பனைக்குள்ளிருந்து கூகை ஒன்று கிறீச்சிட்டது. லயத்தில் கூகை கத்தினால் மறுநாள் சாவு விழும் என்று கிழவிகள் விளக்கேற்றுவர். இன்று தோட்டங்களில் எலியை அடக்குவதற்காகக் கம்பம் நட்டு, அதன்மேல் பெட்டி வைத்து, கூகைக்கு வீடே கட்டிக் கொடுக்கிறார்கள். நமக்கு லயம் கட்டிக் கொடுத்தவர்கள் இவ்வளவு காற்றோட்டம் பார்த்ததாக நினைவில்லை.

அந்த இரவில்தான் பேரன் என் தந்தையாரைப் பற்றிக் கேட்டான். ஒரு சைக்கிளின் கதையைச் சொன்னேன்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. கள்ளுக்கடையை மூடுதல் இருந்தது. பிள்ளைகளின் கல்வி இருந்தது. இன்னொன்றும் இருந்தது: துரையின் முன்பும் கிராணியின் முன்பும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஏறிச் செல்லும் உரிமை. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, சுட்டது, தொழிலாளர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜப்பானியர் வந்து, இறங்க வேண்டியவர் யார் என்ற கணக்கையே மாற்றிவிட்டனர்.

என் தந்தையார் அப்போது 23 வயது இளைஞர். அவ்வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவினார். இரண்டு வருஷம் காசு சேர்த்து ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தார். துரையின் கார் ஓசை கேட்டதும் இறங்கி, சைக்கிளைப் புல்லில் நிறுத்தி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். தூசி அடங்கியபின் ஏறுவார். எத்தனை முறை அப்படி இறங்கியிருப்பீர்கள் என்று பிற்காலத்தில் ஒரு நாள் கேட்டேன். "எண்ணினவன் பைத்தியமாகியிருப்பான்" என்றார். வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் வேறொன்றும் சொன்னதில்லை. ஆனால் சாகும்வரை அவர் மோட்டார் சைக்கிளுக்கு மாறவேயில்லை. பந்திங் கடைத்தெருவில் சைக்கிளில்தான் போனார், அதுவும் நடுப்பாதையில்.

பேரன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பின், "பாட்டி இதை எனக்குச் சொன்னதே இல்லை" என்றான். வண்டிக்குள்ளிருந்து, "நீ கேட்டதே இல்லை" என்று குரல் வந்தது.

விடியலில் நீர் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. சேறு ஈயத் தகடுபோல் மின்னியது. வளைந்த மூக்குடைய உள்ளான் வகைப் பறவைகள் நடந்து நடந்து குத்தின. வடகோடி நாடுகளிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த விருந்தினர் அவர்கள். கண்டல் வேர்களுக்குப் பின்னே முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோபுரங்கள் நின்றன. சேற்றுக்குள் வளைதோண்டி வாழும் ஒருவகை இறால் இரவெல்லாம் அள்ளிக் கொட்டிய மண் அது. அக்காள் அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இது ஒன்றுதான் இங்கே தனக்காக மண் வெட்டுகிறது" என்றாள்.

திரும்பும் வழியில், கானை ஒட்டிய குறுகிய செம்மண் பாதையில், எதிரே ஒருவர் சைக்கிளில் வந்தார். இளைஞர், வங்காள தேசத்தவரோ நேபாளத்தவரோ தெரியவில்லை. இன்று நம் தோட்டங்களில் குலை வெட்டுவோர் பெரும்பாலும் அவர்களைப் போன்ற வெளிநாட்டவரே. எங்கள் வண்டியைக் கண்டதும் அவர் இறங்கி, சைக்கிளைப் புல்லுக்குள் இழுத்துக்கொண்டு, முதுகு நேராக நின்றார்.

"நிறுத்து, தம்பி" என்றாள் அக்காள். "அவர் ஏறிப் போகட்டும்."

பேரன் நிறுத்தினான். அவர் அசையவில்லை. நாங்களும் அசையவில்லை. சிறிது நேரம் சென்றதும் அவர் முகத்தில் கலக்கம் தோன்றியது. சட்டைப் பையில் கைவிட்டு, உறையிட்ட அடையாள அட்டை ஒன்றை எடுத்து, எங்கள் பக்கமாக நீட்டிப் பிடித்தார்.

அக்காள் கண்ணாடியை இறக்கி, "வேண்டாம், வேண்டாம், போங்க" என்று தமிழில் சொன்னாள், பிறகு மலாயில் சொன்னாள், கையாலும் காட்டினாள். அவர் அட்டையைப் பையில் வைத்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வண்டியின் பக்கத்தில் நடந்தே கடந்தார். வண்டிக்குப் பின்னால் இருபதடி சென்றபிறகுதான் ஏறினார். பின்காட்டும் கண்ணாடியில் மூவரும் அதைப் பார்த்தோம்.

"பாதை குறுகல், தாத்தா. அதனால் இறங்கியிருப்பார்" என்றான் பேரன்.

"அட்டையை எதற்கு எடுத்தார்?" என்றேன்.

அவனுக்குப் பதில் தெரியும், சொல்லவில்லை. பாலத்துக்கு வரும்வரை அக்காள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேரனிடம், "அந்த மதகுப் பக்கம் அகலமாக இடம் இருக்கிறது. அடுத்த முறை எதிரே ஆள் வருவது தெரிந்தால் நீ அங்கேயே ஒதுங்கி நின்றுவிடு. அவர்கள் வருவதற்கு முன்பே நின்றுவிட வேண்டும்" என்றாள்.

அடுத்த முறை என்று அவள் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன். பள்ளி விடுமுறையில் மோரிப் பக்கம் போவதாக இருக்கிறோம்.